டான்யூபின் தண்ணீரைப் பிரித்த அன்னம்

ஒரு காட்டில், தண்ணீரின் குலத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவதாக மார்தட்டிக்கொண்ட ஓர் அன்னம் இருந்தது.

அந்தக் காடு ஜெர்மனி நாட்டில் இருந்தது. காட்டின் நடுவே ஓடிய ஆற்றின் பெயர் டான்யூப். பிள்ளைகளே, ஐரோப்பாவின் வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். மேற்கே கருங்காடு என்று ஒரு மலைக்காடு தெரியும். அங்கே பிறந்த பிரெக், பிரிகாக் என்ற இரண்டு ஓடைகள் ஒன்றுசேர்ந்தால் அதற்கு டான்யூப் என்று பெயர். அது கிழக்கே திரும்பி, பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு, ஏறக்குறைய இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் விழுகிறது.

கேட்கவே பெரிதாக இருக்கிறது அல்லவா? அன்னத்துக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அன்னம் குடியிருந்த இடத்தில் டான்யூப் அவ்வளவு பெரிதில்லை. இந்தக் கரையில் நின்று கல்லை எறிந்தால் அந்தக் கரையில் போய் விழும்.

டுட்லிங்கன் என்ற ஊரைத் தாண்டி ஆறு வளையும் இடத்தில் ஆழமான ஒரு மடு இருந்தது. அதற்குச் சற்று மேலே கிராயன்பாக் என்றும் எல்டா என்றும் இரண்டு சிறிய ஓடைகள் ஆற்றில் வந்து கலந்தன. இப்படி வந்து கலப்பவற்றைத் துணையாறு என்று நாம் சொல்கிறோம். அன்னம் அந்தச் சொல்லை வாயில் எடுக்காது. "வேலைக்காரத் தண்ணீர்" என்றுதான் சொல்லும்.

பாலில் தண்ணீரைக் கலந்து வைத்தால் அன்னம் பாலை மட்டும் பிரித்துக் குடிக்கும் என்று நம் ஊரில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்த அன்னம் அதற்கும் மேலே போய்விட்டது. தண்ணீரையும் தண்ணீரையும் பிரித்தது.

தினமும் காலையில் மடுவில் ஒரு சடங்கு நடக்கும். அன்னம் அலகை நனைத்து, கண்ணை மூடி, ஒரு வாய் குடிக்கும். மற்ற பிராணிகள் எல்லாம் தொண்டை வறள நின்றுகொண்டிருக்கும். அன்னம் கண்ணைத் திறந்து, "இன்று ஒன்பது பங்கு டான்யூப், ஒரு பங்கு வேலைக்காரத் தண்ணீர்," என்று சொல்லும். அதற்கப்புறம்தான் யாரும் வாய் வைக்கலாம். டான்யூப் குடும்பம் என்று அன்னம் சொன்னவர்கள் மேல்துறையில் குடிப்பார்கள். ஓடைகளின் பக்கமிருந்து வந்தவர்கள் கீழ்த்துறையில் குடிக்க வேண்டும். இரண்டு துறைக்கும் நடுவே எட்டு அடி தூரம். ஒரே தண்ணீர்.

அன்னம் என்று சும்மா கூப்பிட்டால் அதற்குப் பிடிக்காது. அன்னத்தாரே என்று கூப்பிட வேண்டும். நாம் அன்னம் என்றே சொல்வோம்.

அன்னத்துக்குத் துணையாக ஐந்து வாத்துகள் இருந்தன. அன்னம் எதைச் சொன்னாலும் அவை, "ஆமாம், ஆமாம்," என்று சொல்லும். அன்னம் தும்மினாலும் ஆமாம் என்று சொல்லும். மடுவின் அந்தப் பக்கம் ஒரு பீவர் இருந்தது. பீவர் என்பது தட்டையான வால் உள்ள பெரிய பிராணி. பல்லால் மரத்தை அறுத்து ஓடைக்கு அணை கட்டும். எதற்காகக் கட்டுகிறோம் என்று இந்தப் பீவர் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை அடி என்று மட்டும் கேட்கும்.

கரையில் ஒரு பெரிய வேரின் அடியில் ஒரு நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்தது. அதன் வீட்டுக்கு ஒரே வாசல். அந்த வாசல் தண்ணீருக்கு அடியில் இருந்தது. உள்ளே போக வேண்டுமானால் முங்கித்தான் போக வேண்டும். குட்டிகள் கண் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவற்றுக்கு நீந்தத் தெரியாது.

மடு நிறையத் தண்ணீர் இருக்கும்வரை அந்தக் குட்டிகளிடம் நரியால் போக முடியாது. நரியும் அந்தக் கரையில்தான் இருந்தது.

வசந்தம் முடியும் சமயத்தில் ஒருநாள் பெருமழை கொட்டியது. எல்டா ஓடை சேற்றை வாரிக்கொண்டு வந்து மடுவில் போட்டது. காலையில் கண் விழித்த அன்னம் தன் இறக்கையைப் பார்த்து அலறியது. வெள்ளை இறக்கை காப்பி கொட்டிய வேட்டியைப் போல இருந்தது.

"எல்லோரும் வாருங்கள்!" என்று அது கூச்சலிட்டது. "பாருங்கள் இந்த அநியாயத்தை! கருங்காட்டில் பிறந்து கருங்கடலுக்குப் போகும் ஆற்றில், எங்கேயோ பிறந்த ஓடை வந்து காலைக் கழுவிவிட்டுப் போகிறது. இனி பொறுக்க முடியாது. இரண்டு ஓடைகளையும் அடைத்துவிட வேண்டும்."

"ஆமாம், ஆமாம்," என்றன வாத்துகள்.

கீழ்த்துறையிலிருந்து ஒரு வாலாட்டிக் குருவி பறந்து வந்து கல்லின்மேல் உட்கார்ந்தது. எல்டா ஓடையின் கரையில் கூடு கட்டியிருந்த குருவி அது. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும். அதனால் அதற்கு நண்பர்கள் குறைவு.

"மழை பெய்தால் ஓடை கலங்கும், இரண்டு நாளில் தெளிந்துவிடும்," என்றது குருவி. "ஓடையை அடைத்தால் கோடையில் உங்களுக்குத்தான் நாக்கு வறளும்."

"எங்களுக்கா? டான்யூப் இருக்கும்போதா?"

"கோடையில் டான்யூப் இங்கே வருவதே இல்லை, அன்னத்தாரே."

ஆமாம் சொல்வதா வேண்டாமா என்று வாத்துகள் அன்னத்தைப் பார்த்தன.

"மேலே இம்மெண்டிங்கன் பக்கம் போய்ப் பாருங்கள்," என்றது குருவி. "ஆற்றின் அடியில் சுண்ணாம்புப் பாறை. அது முழுக்க ஓட்டை. பனி உருகும் காலத்தில் தண்ணீர் ஏராளமாக வருவதால், ஓட்டையில் போனது போக மிச்சம் இங்கே வருகிறது. கோடையில் வருவதெல்லாம் ஓட்டைக்குள் போய்விடும். அப்போது இந்த மடுவில் நிற்பது எங்கள் இரண்டு ஓடைகளின் தண்ணீர். போன கோடையில் நீங்கள் குடித்ததும் அதுதான்."

"ஆறு ஓட்டைக்குள் போகுமா?" என்று ஒரு வாத்து சிரித்தது. "ஆறு என்ன எலியா?"

மற்ற வாத்துகளும் சிரித்தன. சிரிக்க வேண்டிய இடம் எது என்று அவற்றுக்கு எப்போதும் தெரியும்.

"கால் மணி நேரம் பறந்தால் போதும். நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்," என்றது குருவி.

அன்னம் கழுத்தை வளைத்துக் குருவியை மேலிருந்து கீழே பார்த்தது. "போய்ப் பார்ப்பதா? நானா? தன் ஆறு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டு அலைபவன் நல்ல குடும்பத்தில் பிறந்தவனாக இருப்பானா?"

கதவைப் போல இரண்டு இறக்கைகள் வைத்துக்கொண்டு அது சொன்ன பதில் இது. அந்த இறக்கைகளைக் கழுவுவதைத் தவிர வேறு எதற்கும் அது பயன்படுத்தியதில்லை.

நரி கரையிலிருந்து எழுந்து பணிவாகத் தலையைக் குனிந்தது. "நான் கரையில் இருப்பவன். ஆற்று விஷயத்தில் தலையிட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் யாராவது தூய்மையைப் பற்றிப் பேசினால் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது. அன்னத்தார் சொல்வதுதான் சரி."

"பார், ஒரு நரிக்குத் தெரிகிறது," என்றது அன்னம்.

நீர்நாய் மெதுவாக முன்னால் வந்தது. "அன்னத்தாரே, ஒருவேளை குருவி சொல்வது போலத் தண்ணீர் குறைந்துவிட்டால் என் வீட்டு வாசல் வெளியே தெரியுமே. உள்ளே பச்சைப் பிள்ளைகள் இருக்கிறார்களே."

நரி சட்டென்று வானத்தைப் பார்த்தது.

"நீர்நாயே, உன்னிடம் ஒரு நல்ல செய்தி சொல்ல இருந்தேன்," என்றது அன்னம். "உன் பிள்ளைகள் மூவரையும் டான்யூப் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். நாளையிலிருந்து நீ மேல்துறையில் குடிக்கலாம்."

நீர்நாய் நான்கு வருடமாகக் கீழ்த்துறையில் குடித்துவந்தது. எட்டு அடி மேலே போய்க் குடிக்க வேண்டும் என்று அதற்கு வெகுநாளாக ஆசை. அது வாசலைப் பார்த்தது. மேல்துறையைப் பார்த்தது. பிறகு வாயை மூடிக்கொண்டது. தாயே இப்படி வாயை மூடிக்கொண்டால் குட்டிகளுக்காக வேறு யார் பேசுவார்கள்?

"எத்தனை அடி?" என்று கேட்டது பீவர்.

"தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வராத அளவுக்கு," என்றது அன்னம். "இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இனி அந்த ஓடைகளில் யாராவது வாய் வைத்தால் அவர்களுக்கு இந்த மடுவில் இடம் கிடையாது."

குருவி பறந்துபோனது.

பீவர் பதினோரு நாள் வேலை செய்தது. மரங்களை அறுத்தது, கிளைகளை இழுத்தது, மண்ணை அப்பியது. கிராயன்பாக் ஓடைக்கு ஓர் அணை, எல்டா ஓடைக்கு ஓர் அணை. தண்ணீர் பக்கத்துப் புல்வெளிகளில் இருந்த பெரிய பள்ளங்களுக்குள் திரும்பியது. அந்தப் பள்ளங்கள் நிறையப் பல வாரம் ஆகும். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அறிவைத் தவிர மற்றதெல்லாம் அந்த அணைகளில் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் அன்னம் ஒரு வாய் குடித்தது. நீண்ட நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"ஆஹா!" என்றது கடைசியில். "பத்துக்குப் பத்து! கருங்காட்டுத் தேவதாரு வாசனை அடிக்கிறது."

"ஆமாம், அடிக்கிறது," என்றன வாத்துகள்.

நீர்நாய் மேல்துறையில் குடித்தது. தண்ணீர் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் அது அதை வெளியே சொல்லவில்லை.

ஜூலை பிறந்தது. வெயில் ஏறியது. ஒருநாள் காலையில் அன்னத்தின் கால் தரையைத் தொட்டது.

"தண்ணீர் குறைந்திருக்கிறதா?" என்று கேட்டது நீர்நாய்.

"குறையவில்லை, கெட்டியாகிறது," என்றது அன்னம். "மட்டமான தண்ணீர்தான் நிறைய இருக்கும். உயர்ந்த தண்ணீர் கொஞ்சமாகத்தான் இருக்கும். நெய்யும் மோரும் ஒரே அளவிலா இருக்கின்றன?"

"ஆமாம், கெட்டியாகிறது," என்றன வாத்துகள்.

அடுத்த வாரம் மடுவில் பாதி காய்ந்தது. மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு வாயைப் பிளந்தன.

"டான்யூப் எங்கே, அன்னத்தாரே?" என்று கேட்டது நீர்நாய்.

"வந்துகொண்டிருக்கிறது. பெரியவர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார்கள்."

அதற்கடுத்த வாரம் மடுவில் சேறுதான் மிச்சம். வாத்துகள் இதுவரை தண்ணீரின் நடுவில் மிதந்தபடி தூங்கும். இப்போது தண்ணீர் இல்லாததால் சேற்றில் உட்கார்ந்து தூங்கின. காலையில் எண்ணிப் பார்த்தால் நான்குதான் இருந்தன. கரையில் நரி வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அன்னம் இறந்த வாத்துக்காக இரங்கல் உரை ஆற்றியது. "அவன் தூய்மையான ஆற்றில் வாழ்ந்தான். தூய்மையான ஆற்றில் மறைந்தான்," என்றது.

"ஆமாம்," என்றன நான்கு வாத்துகளும். இந்தத் தடவை ஒரே ஒரு ஆமாம்தான் வந்தது.

நீர்நாய் அதைக் காதில் வாங்கவில்லை. வேரின் அடியில் அதன் வீட்டு வாசல் முழுசாக வெளியே தெரிந்தது. நரி எதிர்க்கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா, சௌக்கியமா?" என்று கேட்டது நரி. "இவ்வளவு அழகான வாசல் உங்கள் வீட்டுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாதே. பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுகிறார்களா? கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்களா?"

அப்போதுதான் நீர்நாய்க்குக் குருவியின் பேச்சு நினைவுக்கு வந்தது. வாத்தைத் தின்ற நரி வயிறு முட்டத் தூங்கப் போயிற்று. நீர்நாய் வாசலைக் கல்லாலும் முள்ளாலும் அடைத்தது. பிறகு காய்ந்துபோன ஆற்றின் நடுவிலேயே மேல்நோக்கி ஓடியது.

ஆறு முழுக்க வெள்ளைக் கற்கள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. கால் சுட்டது. டுட்லிங்கன் போயிற்று, மெய்ரிங்கன் போயிற்று. இம்மெண்டிங்கனை நெருங்கும்போது தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நீர்நாய் அங்கே கண்ட காட்சியை நம்ப முடியாமல் நின்றது. மேற்கேயிருந்து டான்யூப் நல்லபடியாக ஓடி வந்தது. குளிர்ந்த, தெளிந்த தண்ணீர். அது ஓரிடத்தில் வந்து கற்களுக்கு நடுவே சுழன்றது. கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தரைக்குள் இறங்கியது. அதற்கு இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் கல்.

வாலாட்டிக் குருவி அங்கே ஈரக் கல்லில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது.

"வந்துவிட்டாயா?" என்றது குருவி. "அன்றைக்கே வந்திருக்கலாம்."

"இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டது நீர்நாய்.

"தெற்கே. மலைக்கு அடியில் பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டரை நாள் இருட்டில் போகிறது. ஆக் என்ற ஊரில் பெரிய ஊற்றாக மேலே வருகிறது. அங்கிருந்து போடன் ஏரிக்குப் போகிறது. ஏரியிலிருந்து ரைன் ஆற்றில் போகிறது. கடைசியில் வடகடலில் விழுகிறது."

"ரைன் ஆற்றிலா! வேற்றுக் குலத்து ஆறு என்று, ரைன் பெயரைச் சொன்னாலே அன்னம் அலகைக் கழுவுமே!"

"கழுவட்டும். கோடையில் உங்கள் அன்னத்தின் டான்யூப் ரைனுக்குத்தான் தண்ணீர் சுமக்கிறது. நீங்கள் வேலைக்காரத் தண்ணீர் என்று சொன்னீர்களே, அந்த இரண்டு ஓடைகள்தான் உங்கள் மடுவுக்கு டான்யூப் என்று பெயர் நிலைக்கும்படி காப்பாற்றின."

நீர்நாய் தலையில் அடித்துக்கொண்டது. "எட்டு அடிக்கு ஆசைப்பட்டு என் பிள்ளைகளை நரி வாயில் கொடுத்துவிட்டேனே!"

"அழுது பயனில்லை, அக்கா. அணையை உடைக்க வேண்டும். வா."

இருவரும் எல்டா ஓடைக்கு வந்தார்கள். பீவர் அணைமேல் உட்கார்ந்து ஒரு விரிசலுக்கு மண் பூசிக்கொண்டிருந்தது.

"அணையைத் திற, அண்ணே," என்று கெஞ்சியது நீர்நாய். "நரி வந்துவிடும்."

"அன்னத்தார் கட்டு என்றார். கட்டினேன். இடி என்று அவர் சொல்லவில்லையே," என்றது பீவர்.

நீர்நாய் தனியாக ஒரு கட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. அது அசையவில்லை. நாம்தான் முன்னமே சொன்னோமே, வேலையில் ஒரு குறையும் இல்லை என்று.

"அண்ணே, அன்னத்தார் தண்ணீரைப் பிரித்துச் சொல்வார் என்று நீ நம்புகிறாயா?" என்று கேட்டது குருவி.

"நம்புகிறேன்."

"அப்படியானால் எங்களோடு வா. மூன்று சிப்பியில் தண்ணீர் வைக்கிறேன். அதில் எது டான்யூப் என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால் இந்த அணை இப்படியே இருக்கட்டும். நானும் இந்தக் காட்டை விட்டுப் போய்விடுகிறேன். சொல்லத் தெரியாவிட்டால் நீ அணையைத் திறந்துவிட வேண்டும்."

பீவர் யோசித்தது. அதற்கு அது பழக்கமில்லை. "சரி," என்றது.

நீர்நாய் மூன்று பெரிய சிப்பிகளைப் பொறுக்கி, தண்ணீர் நிரப்பி, தளும்பாமல் ஏந்திக்கொண்டு வந்தது. அன்னம் காய்ந்த மடுவின் நடுவில் சேற்றில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக அதற்குக் குடிக்க ஒரு சொட்டு கிடைக்கவில்லை. கழுத்தை நிமிர்த்த முடியாமல் தோளில் சாய்த்து வைத்திருந்தது.

குருவி பந்தயத்தைச் சொன்னது. மறுக்கத்தான் அன்னம் வாயைத் திறந்தது. ஆனால் நான்கு வாத்துகளும் பார்த்துக்கொண்டிருந்தன. "வைத்துப் பார்," என்றது கம்மிய குரலில்.

அந்த நேரத்தில் கரையிலிருந்து முள் முறியும் சத்தம் கேட்டது. நரி விழித்துக்கொண்டது. நீர்நாயின் வாசலில் இருந்த கல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தது. நீர்நாய் சிப்பிகளை அப்படியே வைத்துவிட்டுப் பாய்ந்து ஓடியது.

"சீக்கிரம் சொல்லுங்கள், எது டான்யூப்?" என்று கத்தியது குருவி.

அன்னம் முதல் சிப்பியில் அலகை வைத்தது. கண்ணை மூடவில்லை. ஒரே மடக்கில் குடித்தது. இரண்டாவதைக் குடித்தது. மூன்றாவதைக் குடித்து, சிப்பியின் உள்பக்கத்தையும் நக்கியது.

"எது டான்யூப், அன்னத்தாரே?" என்று கேட்டது பீவர்.

"மூன்றும்தான்," என்றது அன்னம். "மூன்றும் அசல் டான்யூப். இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?"

"மூன்றும் எல்டா," என்றது குருவி. "புல்வெளிப் பள்ளத்தில் மொண்டது. இன்று காலையில் காட்டுப்பன்றி அதில் புரண்டுவிட்டுப் போனது."

பீவர் அன்னத்தை ஒருமுறை பார்த்தது. பிறகு திரும்பி ஓடியது. எல்டா அணையின் அடிக்கட்டைகள் இரண்டைப் பல்லால் அறுத்தது. பதினோரு நாள் வேலை ஒரு நொடியில் சரிந்தது. பள்ளத்தில் தேங்கி நின்ற தண்ணீரெல்லாம் கட்டையும் சேறுமாகப் பாய்ந்து வந்தது.

நரி அப்போது வாசலுக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தது. நீர்நாய் அதன் வாலைக் கடித்துப் பிடித்து, உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தது. பழுப்பு நிறத் தண்ணீர் மடுவுக்குள் புகுந்து வாசலில் மோதியதும் நரி மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மியது. பின்பக்கமாகவே வெளியே வந்து, நனைந்த துணியைப் போலக் கரையில் விழுந்து ஓடியது. உள்ளே குட்டிகள் மூன்றும் மேட்டில் ஒடுங்கிக் கத்திக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாலைக்குள் பீவர் கிராயன்பாக் அணையையும் உடைத்தது. மடு நிறைந்தது. அன்னம் மிதந்தது. மிதந்ததும் அதற்குப் பேச்சும் வந்துவிட்டது.

"பார்த்தீர்களா?" என்றது. "டான்யூப் வந்துவிட்டது. தாமதமானாலும் வரும் என்று நான் அன்றே சொன்னேன்."

"உங்கள் டான்யூப் ரைனுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்," என்றது நீர்நாய்.

"ரைனா? சீச்சீ!" என்று அன்னம் அலகைக் கழுவியது. எல்டா தண்ணீரில்தான் கழுவியது.

நீர்நாய் திரும்பித் தன் வீட்டுக்குப் போனது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு எல்டா ஓடைக்குக் குடிபோனது. "இங்கே இடம் உண்டு, பட்டம் கிடையாது," என்றது குருவி. "பட்டத்தைக் கொண்டுபோய் நெருப்பில் போடு," என்றது நீர்நாய். பீவர் பின்னாலேயே வந்து அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டது. மறுநாள் வாத்துகளும் வந்துசேர்ந்தன. "எல்டாதான் நல்ல ஓடை. ஆமாம், நாங்கள் எப்போதுமே அப்படித்தான் நினைத்தோம்," என்றன. வாத்துகளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

மடுவில் அன்னம் மட்டும் மிஞ்சியது. மூன்று நாள் தனியாக வட்டமடித்தது. நான்காம் நாள் நரி வந்து கரையில் அடக்கமாக உட்கார்ந்தது.

"எல்லோரும் போய்விட்டார்களா, அன்னத்தாரே? நன்றி கெட்ட கூட்டம்."

"நீ ஒருவன்தான் என்னை மதிக்கிறாய்," என்றது அன்னம்.

"நான் படிக்காதவன். இந்த ஆறு இங்கிருந்து எங்கெங்கே போகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது."

அன்னத்தின் கழுத்து நேராக நிமிர்ந்தது. "இங்கிருந்து உல்ம் நகரத்துக்குப் போகும். பிறகு ரெகன்ஸ்பர்க். பிறகு பாசவ்."

"கொஞ்சம் கிட்டே வந்து சொல்லுங்கள். தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை."

அன்னம் கிட்டே வந்தது. "பாசவில் இன் என்று ஓர் ஆறு வந்து சேரும். அது டான்யூபைவிட அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது என்று சிலர் சொல்வார்கள். நம்பாதே."

"சேச்சே! நான் நம்புவேனா? பேச்சைக் கேட்டாலே தெரிகிறதே, பொறாமை. அதற்கப்புறம்?"

"லின்ஸ். அடுத்து வியன்னா. அடுத்து பிராட்டிஸ்லாவா."

"ஆஹா, என்ன ஊர்கள்! எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். இந்தப் பக்கமாக வந்து சொன்னால் நன்றாக இருக்கும்."

அன்னம் தண்ணீரிலிருந்து எழுந்து கரையில் கால் வைத்தது. இவ்வளவு கவனமாக அதன் பேச்சை யாரும் கேட்டதே இல்லை.

"புடாபெஸ்ட்," என்றது. இன்னும் இரண்டு அடி வைத்தது. "பெல்கிரேட்."

மரியாதைக்கு எழுவது போல நரி எழுந்து நின்றது.

அந்தப் பாடம் கருங்கடல்வரை போகவில்லை.

நீதி: கைகொடுத்தவரை எளியவர் என்று விரட்டுபவனின் பெருமையைக் கேட்க, கடைசியில் அவனைத் தின்ன வந்தவன் மட்டுமே மிஞ்சுவான்.